சித்தியை ஏற்காட்டுக்கு அனுப்பிய நாள்

போன மாதம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசினார். என் மகளின் ஜாதகம் அவருடைய மகன் ஜாதகத்தோடு பொருந்தியிருக்கிறதாம். படிப்பு, வேலை, குலதெய்வம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பில் வெள்ளை விழுந்திருக்கிறது என்று சொன்னார்கள். அது பரம்பரையாக வருமா?” அந்தக் கேள்விக்கு ஒரு பதில் என் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். “அதெல்லாம் பரம்பரை இல்லை.” முப்பது வருடமாக எங்கள் வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. அன்றைக்கு ஏனோ அது வெளியே வரவில்லை. கேள்வியைவிட அதில் இருந்த “யாருக்கோ” என்ற சொல்தான் என்னைத் தைத்தது. நானே இரண்டு நாளில் அழைத்துப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த “யாருக்கோ” என் சித்தி. அம்மாவின் உடன்பிறந்த தங்கை, இப்போது அறுபத்தெட்டு வயது. தாத்தா இறந்த பிறகு அம்மாபேட்டையில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அப்பா குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தார். சித்தி தார் சுற்றுவார், அதாவது குறுக்கே ஓடும் நூலைச் சிறு குழலில் சுற்றிக் கொடுப்பார். அவருடைய பத்தொன்பதாவது வயதில் வலது கைக் கட்டைவிரல் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்ததாம். தேமல் என்று விட்டுவிட்டார்கள். நான் நினைவு தெரிந்து பார்க்கும்போது இரண்டு புறங்கையிலும், உதட்டோரத்திலும், பாதத்திலும் பரவியிருந்தது. மதிய வேளையில் சித்தி திண்ணையில் சாய்ந்திருப்பார். நான் அவர் புறங்கையில் வெள்ளையும் மாநிறமும் சேரும் ஓரத்தில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போவேன். ஏரிக்கரை போல அது உள்ளே வளையும், வெளியே வளையும். கண்ணை மூடிக்கொண்டால் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று என் விரலுக்குத் தெரியாது. மேடு இல்லை, சொரசொரப்பு இல்லை, எல்லாம் ஒரே தோல். சித்தியும் கண்ணை மூடிக்கொண்டு, “இப்போது மணிக்கட்டுக்கு வந்துவிட்டாய், இப்போது சுண்டுவிரல்” என்று சரியாகச் சொல்வார்.

அந்த விளையாட்டிலேயே ஒரு மருத்துவ உண்மை இருந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. தொழுநோயில் வரும் வெளிறிய திட்டில் தொடு உணர்ச்சி குறையும், மரத்துப்போகும். அது ஒரு நுண்கிருமியால் வருவது. அந்தக் கிருமியை 1873-இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்துவிட்டார். சித்திக்கு வந்தது வெண்புள்ளி. அதில் கிருமி இல்லை, உணர்ச்சியும் குறைவதில்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் “வெண்குஷ்டம்” என்று ஒரு பெயரை வைத்து இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. 2019-இல்தான் அதை நீக்கினார்கள். அந்தச் சட்டம் வெண்புள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் தெருவில் யார் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? சித்திக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் வெள்ளைக்கல். சேலத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை, மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல்தான்.

1994, தை மாதம்

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் சித்தி வீட்டில் இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் அப்பாவிடம் வருடா வருடம் வேட்டி வாங்குவார். அவர் வீட்டுக்குச் சித்தியைக் காலை முதல் பஸ்ஸில் அனுப்பிவைத்தார்கள். யாரும் சித்தியிடம் காரணம் சொல்லவில்லை. முந்தின நாள் இரவு அம்மா, “மலைக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறாயா, வேட்டியைக் கொடுத்துவிட்டு வரலாம்” என்றார். சித்தி, “எத்தனை மணிக்கு வருகிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். மஞ்சள் பையில் ஒரு புடவையும் அந்த வேட்டியும் வைத்துக்கொண்டு, விடியுமுன் தலைவாசலைத் தாண்டிப் போனார். இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் குமட்டும் உடம்பு அவருக்கு.

மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார். “வீட்டில் யாருக்கும் சீக்கு, குறை எதுவும் இல்லையே?” அம்மா, “அப்படி எதுவும் கிடையாது” என்றார். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது எனக்கு. அம்மாவைத் திருத்தவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பயனில்லை. ஆனால் அந்த மௌனத்தில் எனக்குப் பங்கு உண்டு.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் சித்தி சமையல்கட்டைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு மாதத்துக்குள் புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. சேலம் அத்தனை பெரிய ஊர் இல்லை. அத்தை என்னை உட்காரவைத்துக் கேட்டார்: “மறைத்துவிட்டீர்கள். என் பேரன் பேத்திக்கு வந்தால் யார் பதில் சொல்வது?” நான் அப்போதுதான் முதன்முதலாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். “அது பரம்பரை இல்லை அத்தை. சித்தி சின்ன வயதில் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயத்தில் கை வைத்து வைத்து வந்தது.” சாயப்பட்டறைக்குச் சித்தி போனது நிஜம். எட்டு மாதம் போனார். அதனால்தான் வெள்ளை விழுந்தது என்று எங்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பரம்பரை இல்லை என்று நிறுவ எங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அது கிடைத்தது.

காரணங்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் என்றார் ஒரு பெரியம்மா. புற்றை இடித்த பாவம் என்றார் கோயில் பூசாரி. புளிப்பு ஆகாது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, சித்தி எலுமிச்சை, புளி, தயிர், மீன் எல்லாவற்றையும் விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அவர் தட்டில் ரசம் விழுந்ததில்லை. இந்தப் பத்தியங்களில் எதுவும் வெண்புள்ளியைக் கொண்டுவரவும் இல்லை, நிறுத்தவும் போவதில்லை. ஒரு மனுஷி வாய்க்கு ருசியாக ஒரு கவளம் சாப்பிடாமல் பாதி ஆயுளைக் கழித்தார் என்பதுதான் மிச்சம். இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இடையில் ஒரு வைத்தியர். மாதம் ஒருமுறை விடுதியில் அறை எடுத்துத் தங்கிப் பார்ப்பவர். கார்போகி அரிசி என்னும் மூலிகை விதையை அரைத்த விழுதைப் பூசி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். மூன்றாம் நாள் சித்தியின் கை முழுவதும் கொப்புளம். மருந்தில் பொய் இல்லை, அதில்தான் விஷயமே இருக்கிறது. கார்போகியில் சோரலென் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தோலை வெயிலுக்கு எளிதில் வசப்படச் செய்யும். மருத்துவமனைகளிலும் சோரலெனைக் கொடுத்துப் புற ஊதாக் கதிரைக் காட்டும் சிகிச்சை வெகு காலம் நடந்தது. ஆனால் அங்கே மருந்துக்கும் ஒளிக்கும் அளவு உண்டு. விடுதி அறையில் அளவு ஏது? தோல் வெந்தால் கெடுதல் அந்தப் புண்ணோடு போவதில்லை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலும், ஓயாமல் உராயும் இடத்திலும் புதிதாக வெள்ளை விழுவது உண்டு. கொப்புளம் ஆறிய இடத்தில் சித்திக்கு முன்பைவிட அகலமாக வெளுத்தது. தாரைப் பிடிக்கும் விரல்களும், செருப்பு வார் அழுத்தும் பாதமும் ஏன் முதலில் வெளுத்தன என்பதற்கும் அதுவே ஒரு விளக்கமாக இருக்கலாம்.

மருத்துவர் போட்ட கட்டங்கள்

2021-இல் என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். பதினான்கு வயது. முழங்காலில் சிராய்ப்பு. பொருக்கு உதிர்ந்த பிறகு அந்த இடம் வெளிறி இருந்தது. புதுத் தோல், நிறம் வந்துவிடும் என்று இருந்தோம். இரண்டு மாதம் கழித்து, இடுப்பில் கால்சட்டைப் பட்டை அழுத்தும் இடத்தில் இன்னொன்று. அதைப் பார்த்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சிறுவயதில் விரல் ஓட்டிய அந்தக் கரையை நான் மறந்துவிடவில்லை. அத்தை பையனின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நான் அன்றைக்குச் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று இரவு என் கணவரும் என்னோடு பேசவில்லை.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். அத்தையும் வந்தார். “நான் அந்த டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன்” என்று பிடிவாதமாகக் கிளம்பினார். மருத்துவர் என்னைவிட இளையவர். பையனை இருட்டறைக்கு அழைத்துப் போய், ஊதா விளக்கொன்றைப் பிடித்துப் பார்த்தார். வுட்ஸ் விளக்கு என்றார். முழங்காலும் இடுப்பும் நீலம் கலந்த வெள்ளையாகச் சுடர்ந்தன. கண்ணுக்குத் தெரியாமல் முழங்கைக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்ததும் தெரிந்தது. வெளியே வந்து உட்கார்ந்ததும் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டார். “பரம்பரையா டாக்டர்?” அத்தை கேட்ட விதத்தில், அது இவள் வழியில்தானே வந்தது என்ற கேள்விதான் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அதற்கு முன்பும் யாரும் நோயைத் தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை.

மருத்துவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துக் கட்டமும் வட்டமுமாகப் போட ஆரம்பித்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கீழே பையன். மேலே நானும் கணவரும். அதற்கு மேலே என் அம்மா, பக்கத்தில் சித்தி. சித்தியின் வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக அடைத்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். “வேறு யாருக்காவது தைராய்டு உண்டா?” அத்தை, “எனக்கு இருக்கிறது, இருபது வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை” என்றார். மருத்துவர் அத்தையின் வட்டத்தில் ஒரு கோடு போட்டார். “யாருக்காவது புழுவெட்டு வந்து முடி உதிர்ந்திருக்கிறதா?” நான் என் கணவரைப் பார்த்தேன். கல்யாணம் ஆன வருடம் அவர் தாடியில் நாலணா அளவுக்கு வழுவழுவென்று ஒரு பொட்டல். நான்தான் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துவிட்டேன். ஆறு மாதத்தில் முளைத்துவிட்டது, நாங்கள் மறந்தும் போனோம். அவர் தாடையைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். அந்தக் கட்டத்திலும் ஒரு கோடு விழுந்தது. “சின்ன வயதிலேயே சர்க்கரை வந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள்?”

யாரும் பேசவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போக வாய் திறக்கும்போது அத்தை சொன்னார். “என் தம்பிக்கு.” பன்னிரண்டு வயதில் சர்க்கரை வந்து, தினமும் ஊசி போட்டு, பத்தொன்பதாவது வயதில் இறந்துபோனவர். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அத்தைக்கு இப்படி ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. என் கணவருக்கு மாமா ஒருவர் காய்ச்சலில் இறந்தார் என்றுதான் தெரியும். அத்தையின் கல்யாணத்தின்போது அந்தத் தம்பி எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. அவரையும் எங்கேயோ அனுப்பிவைத்திருப்பார்கள்.

மருத்துவர் எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். “இதை நான் யார் வழி என்று தீர்ப்புச் சொல்லக் கேட்கவில்லை அம்மா” என்று அத்தையிடம் சொன்னார். வெண்புள்ளி, தைராய்டின் ஒரு வகை, புழுவெட்டு, சிறுவயதுச் சர்க்கரை எல்லாம் தன்னுடல் தாக்கு நோய்கள், அதாவது உடலின் தற்காப்பே உடலைத் தாக்குபவை, ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள், அதனால் பையனுக்கும் தைராய்டைப் பார்த்துவைக்க வேண்டும், அதற்குத்தான் கேட்டேன் என்றார். வெண்புள்ளியைக் கொடுக்கும் ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை. ஏறத்தாழ ஐம்பது இடங்களில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து வாய்ப்பைக் கொஞ்சம் ஏற்றுகின்றன, கொஞ்சம் இறக்குகின்றன. பெரும்பாலானவை உடலின் தற்காப்போடு சம்பந்தப்பட்டவை, சில நிறத்தை உண்டாக்கும் வேலையோடு சம்பந்தப்பட்டவை. அவை அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். எல்லோரும் ஏதோ சிலவற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம்.

எண்களையும் அவரே சொன்னார். உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக, வெண்புள்ளி இருக்கிறது. பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. வெண்புள்ளி உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு, ஏழு. அதாவது 93 பேருக்கு வருவதில்லை. உறவு தள்ளிப்போகப் போக அந்த எண்ணும் சுருங்கும். வெண்புள்ளியோடு தன்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவில் வேறு யாருக்குமே அது இருப்பதில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குள் இறங்கியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு ஒன்றேதான். அவர்களில் ஒருவருக்கு வெண்புள்ளி வந்தால் இன்னொருவருக்கும் வந்தது நூறு ஜோடியில் 23 ஜோடிக்கு மட்டும்தான்.

பாவும் ஊடையும்

அந்த 23 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்தேன். மரபணுதான் எல்லாம் என்றால் அது நூறாக இருக்க வேண்டும். மரபணுவுக்குச் சம்பந்தமே இல்லை என்றால் மற்றவர்களைப் போல நூற்றுக்கு ஒன்று என்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. நான் தறிக்காரர் மகள். எனக்கு அது தறியில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பிறக்கும்போது நாம் கொண்டுவருவது பாவு, தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அது மட்டும் துணி ஆகாது. நாடாவில் வந்து குறுக்கே விழும் ஊடையும் சேர வேண்டும். ஒரே நாளில் போட்ட பாவை இரண்டாகப் பிரித்து இரண்டு தறியில் ஏற்றினாலும், ஊடை மாறினால் இரண்டும் வேறு வேறு துணி.

ஊடையில் என்னென்ன வரும் என்பதுதான் மீதிக் கேள்வி. தோலில் நிறத்தைச் செய்வது மெலனோசைட் என்னும் செல்கள். அந்த வேலையே அவற்றுக்குக் கடினமான வேலை. நிறம் செய்யும்போது உள்ளே சேரும் கழிவைச் சமாளிக்க முடியாமல் சில நேரம் அவை தவிக்கும். அந்தத் தவிப்பைக் கண்டு டி செல்கள் என்னும் காவல் செல்கள் வந்து, நோயுற்ற செல் என்று நினைத்து அவற்றை அழித்துவிடுகின்றன. வெண்புள்ளியில் நடப்பது இதுதான். காயம், வெயில் சுட்ட கொப்புளம், ஓயாத உராய்வு இவை தூண்டுகோல் ஆகலாம். சில ரசாயனங்களும் ஆகும். 1939-இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில், ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகள் வெளுத்தன. கையுறையில் சேர்த்திருந்த ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களைக் கொல்வது அப்போது தெரிந்தது. 2013-இல் ஜப்பானில், தோலை வெளுப்பாக்கும் பூச்சுகளில் இருந்த ஒரு பொருளால் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் திட்டுத் திட்டாக நிறம் போனது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு அக்காவுக்கு நெற்றியில் பொட்டு அளவுக்கு வட்டமாக வெளுத்திருந்தது. ஒட்டும் பொட்டின் பசையில் இருக்கும் பொருளால் அப்படி ஆவது உண்டு. தலைச்சாயமும் சிலருக்கு அப்படிச் செய்யும்.

ஆகவே சாயப்பட்டறை என்று நாங்கள் சொன்னது முழுப் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். எந்தச் சாயம், எந்தப் பொருள் என்று யாரும் ஆராய்ந்ததில்லை. அந்தப் பட்டறையும் இப்போது இல்லை. என் மனசாட்சி உறுத்துவது அதற்காக இல்லை. பரம்பரை இல்லை என்று சொன்னோமே, அந்தச் சொல் சித்தியை என்ன செய்தது என்பதற்காக. அந்த வாக்கியம் நிற்க வேண்டுமானால் சித்தி கண்ணில் படக்கூடாது. வேறு யாருக்கும் வந்துவிடக்கூடாது. வந்தால் மறைக்க வேண்டும். பரம்பரைதான் என்று குற்றம் சாட்டியவர்கள் சித்தியை வெளியே தள்ளினார்கள். பரம்பரையே இல்லை என்று ஆறுதல் சொன்ன நாங்கள் சித்தியை உள்ளே வைத்துப் பூட்டினோம். உண்மை இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன எண்ணாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் எங்கேயும் பஸ் ஏறிப் போயிருக்க வேண்டாம்.

சித்தியிடம் பாவையும் ஊடையையும் வைத்து இதை விளக்கியபோது உடனே பிடித்துக்கொண்டார். “அப்படியென்றால் அக்கா வழிப் பாவும் உண்டு, உன் மாமியார் வழிப் பாவும் உண்டு” என்றார். சற்று நேரம் கழித்து, “தயிர் சாப்பிடலாமா?” என்று கேட்டார். சாப்பிடலாம் சித்தி என்றேன். அன்று மதியம் அவர் தயிர்ச்சோறு சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அப்போதுதான் பேச்சோடு பேச்சாக ஏற்காட்டைப் பற்றிக் கேட்டேன், அன்றைக்கு மலையில் என்ன செய்தீர்கள் என்று. “வேட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிவிட்டேன் கண்ணு. தெருமுனையில் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் கிளம்பும்போது நீ வாசல் வரைக்கும் வந்தாய். நீலப் புடவை கட்டியிருந்தாய்” என்றார். நீலப் புடவைதான். அம்மாவே அதை மறந்துவிட்டார்.

மகனுக்கு மூன்று வருடமாகச் சிகிச்சை நடக்கிறது. களிம்பு பூசுகிறோம், வாரம் இரண்டு முறை குறிப்பிட்ட ஓர் அலைநீளப் புற ஊதா ஒளி, 311 நானோமீட்டர். முதலில் சில விநாடிகள், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். நிறம் ஓரத்திலிருந்துதான் நிரம்பும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி மட்டும் இல்லை. நாலாவது மாதம் முழங்காலின் வெள்ளைக்கு நடுவில் கேழ்வரகைத் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் ஒரு ரோமம். ரோமக்கால்களின் அடியில் தப்பிப் பிழைத்த நிறமிச் செல்கள் மேலே ஏறி வருகின்றன என்றார் மருத்துவர். ரோமமும் வெளுத்துவிட்ட இடத்திலும், விரல் நுனி போல ரோமமே இல்லாத இடத்திலும் நிறம் திரும்புவது கடினம். அதனால் சித்தியின் விரல்களுக்கு இனிப் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை, அவருக்கும் அந்த ஆசை இல்லை. முழங்காலில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. இடுப்பில் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. திரும்பி வந்த நிறம் மறுபடி போவதும் உண்டு என்பதை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வருகிற புள்ளிகளை அத்தைதான் எண்ணுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேரனைத் திண்ணையில் உட்காரவைத்து, போன வாரத்தைவிட மூன்று கூடியிருக்கிறது, நாலு கூடியிருக்கிறது என்பார்.

நாமக்கல் அம்மாளை இரண்டாம் நாள் அழைத்தேன். “நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் கூப்பிட்டேன். கொஞ்சம் பரம்பரை உண்டு” என்று ஆரம்பித்தேன். என் சித்திக்கு இருக்கிறது, என் மகனுக்கு இருக்கிறது, மகளுக்கு இதுவரை இல்லை என்றேன். நூற்றுக்கு எத்தனை பேருக்கு வரும், எத்தனை பேருக்கு வராது என்று மருத்துவர் சொன்ன எண்களைச் சொன்னேன். ஒட்டாது, உயிருக்கு ஆபத்தில்லை, தைராய்டை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். என் கணவர் வழியில் என்னென்ன உண்டு என்பதையும், அத்தையிடம் அனுமதி வாங்கிச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு, “இப்படி விவரமாக யாரும் சொன்னதில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்றார். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அழைப்பு வரவில்லை. மகள், “வராவிட்டால் போகட்டும் அம்மா” என்கிறாள்.

நான் பேசிக்கொண்டிருந்தபோது சித்தி உள்ளறையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இப்போதும் பக்கத்துத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறார். பேச்சின் நடுவில் ராட்டைச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். கையில் நூல் அறுந்து நின்றது. முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“என் பெயரைச் சொன்னாயா, சித்தி என்று மட்டும் சொன்னாயா?”

“பெயரைச் சொன்னேன் சித்தி.”

“முழுப் பெயரையுமா?”

“அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.”

அறுந்த நூலை நாவால் ஈரப்படுத்தி முறுக்கிவிட்டு, ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.